காட்சிப் பேழையிற் பாதணி: ஒரு வரலாற்று நோக்கு

சென்ற கால மக்களின் வாழ்க்கையை அறிந்துகொள்வதற்கு வரலாற்று மாணவருக்கு உதவும் சான்றுகள் பலவகைப்படுவன. கல்வெட்டு, நாணயம், மட்பாண்டம், கட்டடம், ஏடு என்பன அவற்றுள் நன்கறியப்பட்டவை. மனிதன் நாள்தோறும் அணிந்து தேய்த்து, ஈற்றில் வீசியெறியும் பாதணியை இவ்வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் எம்மிடையே பெரிதும் இல்லை. எனினும் மேலைநாடுகளின் நூதனசாலைகள் சில பாதணியின் வரலாற்றையும் வடிவமைப்பையும் தனிப்பொருளாகக் கொண்டு கண்காட்சிகள் நடத்தி வந்துள்ளன. கனடாவின் ரொறன்ரோ நகரில் 1995ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட பாட்டா பாதணி நூதனசாலை இப்பொருளுக்கென்றே அமைந்ததாகும். அதன் சேகரிப்பில் 13,000இற்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவை ஏறத்தாழ 4,500 ஆண்டுக்கால வரலாற்றைத் தழுவுவன. இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலை 2015ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் 2016 சனவரி வரை, பாதணி தரும் இன்பமும் துன்பமும் என்ற கருத்தைத் தலைப்பாகக் கொண்டு 250இற்கும் மேற்பட்ட சோடிகளைக் காட்சிக்கு வைத்தது.

இத்தகைய கண்காட்சிகள் எமக்குக் கற்பிப்பவை பல. ஒரு சமூகத்தின் தொழில்நுட்பம், வாணிபம், அழகுணர்ச்சி, படிநிலை ஆகிய யாவும் ஒரு சோடிப் பாதணியில் ஒருங்கே பதிந்துள்ளமையை அவை புலப்படுத்துகின்றன. ஆயின் வரலாற்று மாணவர் இத்துடன் அமைதல் தகாது. பேழைக்குள் வந்து சேர்ந்த பாதணி எத்தகையது, வராது போனது எத்தகையது, வராமைக்குக் காரணம் யாது என்னும் வினாக்களையும் அவர் எழுப்புதல் வேண்டும். பாதணியின் வரலாறு என எமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் பாதணி அணிந்தோருள் ஒரு சிறு பகுதியினரின் வரலாறே என்பதையும், அதனைச் செய்தோரும் அணியத் தடுக்கப்பட்டோரும் அவ்வரலாற்றின் பிரிக்கவியலாத பகுதியினர் என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையிற் பிறந்த வடிவம்

பாதணி எக்காலத்தில் தோன்றியது என்பதற்கு நேர்ச்சான்று கிடைப்பது அரிது. தோல், மரப்பட்டை, புல் முதலியன விரைவில் உக்கி மண்ணாகும் இயல்பின. ஆகவே மானிடவியலாளர் பாதணியை விடுத்துப் பாதத்தின் எலும்பை நாடினர். பாதணி அணிந்து நடப்போரின் சிறு கால்விரல்கள் தரையைப் பற்றுவதற்குச் செலவிடும் வலு குறைவதால் அவ்விரலெலும்புகள் மெலிவடைகின்றன என எரிக் டிரிங்கவுஸ் என்னும் அறிஞர் 2005ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். சீனாவின் தியன்யுவான் குகையிற் கிடைத்த, ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையுடைய எலும்புக்கூட்டில் இம்மெலிவு காணப்படுகின்றது. பாதணி மறைந்த பின்னரும் பாதத்தில் அது விட்டுச் சென்ற சுவடு மறையவில்லை.

அழியாது கிடைத்த மிகப் பழைய பாதணிகளுள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓரிகன் மாநிலத்து போட் றொக் குகைச் செருப்புகள் குறிப்பிடத்தக்கவை. 1938ஆம் ஆண்டு லூதர் கிறெஸ்மன் என்னும் அறிஞர் எரிமலைச் சாம்பற் படையின் கீழிருந்து அகழ்ந்தெடுத்த இவை, ஒருவகைப் புதர்ச்செடியின் பட்டையை முறுக்கிப் பின்னப்பட்டவை. ஒன்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையவை. ஆர்மீனியாவின் அரேனி குகையில் 2008இற் கண்டெடுக்கப்பட்ட சப்பாத்து ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரே மாட்டுத்தோல் துண்டினை வலப் பாதத்தின் அளவுக்கு மடித்துத் தோல்வாரினாற் கோத்து அது செய்யப்பட்டிருந்தது. குகையின் உலர்ந்த குளிர்ச்சியும், மேலே படிந்திருந்த ஆட்டெருப் படையும் அதனைக் காத்துத் தந்தன.

1991ஆம் ஆண்டில் இத்தாலிய - ஒஸ்திரிய எல்லையில் அல்ப்ஸ் மலைப் பனியினுள் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதனின் பாதணியோ இதனிலும் நுட்பமானது. அதன் அடிப்பாகம் கரடித்தோல், மேற்பாகம் மான்தோல், உள்ளே மரநாரினாற் பின்னிய வலை, அவ்வலையினுட் குளிரைத் தடுக்க உலர்ந்த புல். வெவ்வேறு பொருள்களின் தன்மையை அறிந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்த ஒரு சிந்தனை இங்கு தொழிற்பட்டுள்ளது. நிலமும் காலநிலையும் எழுப்பிய வினாவுக்கு மனிதக் கை அளித்த விடையே பாதணியின் ஆதி வடிவம் எனலாம். எமது மொழியிலும் இதற்குச் சான்றுண்டு. சங்க இலக்கியத்திற் பாதணியைக் குறிக்கும் 'தொடுதோல்' என்னும் சொல், பெரும்பாணாற்றுப்படையில் கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில் நிரை மேய்க்கும் இடையனின் காலோடு சேர்த்தே வழங்கப்படுகின்றது. அங்கு அது உழைப்பின் கருவி; பெருமையின் சின்னம் அன்று.

அரசனின் மிதியடி

சமூகம் ஆள்வோரும் ஆளப்படுவோருமாகப் பிளவுற்ற பொழுது பாதணி புதியதொரு பொருளைப் பெற்றது. எகிப்தின் நார்மர் மன்னனின் கற்பலகை ஏறத்தாழக் கி.மு. 3100ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பகைவனை அடிக்கக் கதையை ஓங்கி நிற்கும் மன்னன் வெறுங்காலுடன் காணப்படுகின்றான். அவனுக்குப் பின்னால் உருவிற் சிறிய ஓர் ஏவலாளன் மன்னனின் செருப்பைக் கையிலேந்தி நிற்கின்றான். அணியாத வேளையிலும் செருப்பு இன்னாருக்குரியது எனக் காட்டப்பட வேண்டியிருந்தது. அதனைச் சுமப்பதற்கென்றே ஒரு மனிதனும் வேண்டியிருந்தது. 1922இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் கல்லறையிற் கிடைத்த ஒரு சோடிச் செருப்பின் உட்பரப்பிலே கைகள் கட்டப்பட்ட நூபிய, ஆசியச் சிறைக்கைதிகளின் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. மன்னன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் பகைவரை மிதிக்கும் அடியாகும் என்பது கருத்து. அரசியற் கோட்பாடொன்று பாதத்தின் கீழ் வரையப்பட்டிருப்பதை இங்கு காண்கின்றோம்.

மத்திய கால ஐரோப்பாவில் இவ்வேறுபாடு சட்டத்தின் துணையை நாடியது. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் முனை நீண்டு கூர்ந்த சப்பாத்துகள் உயர்குடியினரிடையே பெருவழக்காயின. உடலுழைப்புக்கு எவ்வகையிலும் உதவாத அம்முனையே அதனை அணிந்தவர் உழைக்கத் தேவையற்றவர் என்பதற்கு விளம்பரமாயிற்று. நகரத்து வணிகரும் கைவினைஞரும் அதனைப் பின்பற்றத் தொடங்கியதும் மேலோர் கலக்கமுற்றனர். இங்கிலாந்தில் நான்காம் எட்வேட் மன்னன் காலத்து 1463ஆம் ஆண்டுச் சட்டம், பிரபு நிலைக்குக் கீழ்ப்பட்டோரின் சப்பாத்து முனை இரண்டு அங்குலத்துக்கு மேற்படலாகாது என விதித்தது. அச்சட்டத்தை வேடிக்கையாகக் கருதுவது தவறு. நிலமானிய அமைப்புத் தளர்ந்து பணத்தின் வலிமை மேலோங்கிய ஒரு காலத்தில், பிறப்பினால் வந்த உயர்வை அங்குலக் கணக்கிற் காப்பாற்ற முனைந்த ஒரு வகுப்பின் அச்சத்தையே அதிற் காண்கின்றோம்.

குதி உயர்ந்த சப்பாத்தின் கதையும் இத்தகையதே. இன்று பெண்மையின் அடையாளமாகக் கருதப்படும் உயர்ந்த குதி, தொடக்கத்தில் மேற்காசியக் குதிரை வீரருக்குரியதாக இருந்தது. அங்கவடியினின்றும் கால் வழுவாது நிற்கவும், நிமிர்ந்து நின்று அம்பெய்யவும் அது உதவியது. பாரசீகத்துடன் ஐரோப்பிய அரசுகள் நெருங்கிய தொடர்பு கொண்ட பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அது மேற்கே பரவி, ஆடவரின் வீரத்தோற்றத்துக்குரிய அணியாயிற்று. பாட்டா நூதனசாலை 2015இல் ஆடவரின் உயர்குதிப் பாதணிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தி இவ்வரலாற்றை விளக்கியது. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியை 1701இல் இயசந்த் றிகோ தீட்டிய ஓவியத்தில் மன்னனின் வெண்ணிறச் சப்பாத்தின் குதி செந்நிறமாக விளங்குகின்றது. அரசவையில் இடம்பெற்றோருக்கே உரியதாகச் செங்குதி கருதப்பட்டது. போர்க்களத் தேவையிற் பிறந்த ஒரு வடிவம், தேவை நீங்கிய பின்னர் அதிகாரச் சின்னமாக எஞ்சியமையை இதன்வழி அறியலாம். அச்சின்னம் ஆடவரை விட்டு நீங்கிப் பெண்களுக்கே உரியதானமை பதினெட்டாம் நூற்றாண்டின் மாற்றமாகும்.

எஞ்சியவையும் அழிந்தவையும்

இதுவரை நோக்கிய சான்றுகளுட் பல மன்னருக்கும் பிரபுக்களுக்கும் உரியவை. இது தற்செயலன்று. பட்டு, பொன்னிழை, மென்தோல் ஆகியவற்றாற் செய்யப்பட்டு, ஓரிரு வைபவங்களில் மட்டும் அணியப்பட்டுப் பெட்டியினுள் வைக்கப்பட்ட பாதணியே நூற்றாண்டுகளைக் கடந்து வந்து சேர்கின்றது. உழவனின் செருப்பு தேயும்வரை அணியப்படும், அறுந்தாற் தைக்கப்படும், மேலும் அறுந்தால் அதன் தோல் வேறொன்றுக்குப் பயன்படும், ஈற்றில் எறியப்படும். நன்கு பயன்பட்ட பாதணி எஞ்சுவதில்லை. எஞ்சிய பாதணி பெரும்பாலும் நன்கு பயன்பட்டதில்லை. அழகிய வடிவங்களைத் தெரிந்து வைக்கும் கண்காட்சி, இவ்வியல்பினாலேயே ஒரு சாரார் பக்கம் சாய்ந்துவிடுகின்றது.

இச்சாய்வை ஓரளவுக்கு நேர் செய்வன குப்பைமேடுகளே. வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் மதிலுக்கு அருகிலுள்ள விண்டொலண்டா என்னும் உரோமப் படைமுகாமின் நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாமையால் தோற்பொருள்கள் கெடாது கிடந்தன. அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட பாதணிகள் 5,000இற்கு மேற்பட்டவை. அவற்றுட் போர்வீரரின் பாதணிகளோடு பெண்களினதும் குழந்தைகளினதும் பாதணிகள் உள்ளன. உரோமப் படைமுகாம் ஆடவர் மட்டும் வாழ்ந்த இடம் என நெடுங்காலம் நிலவிய எண்ணத்தைக் கைவிட வைத்த சான்றுகளுள் கைக்குழந்தையின் சிறு பாதணியும் ஒன்று. எந்தப் பேராசிரியரின் ஏட்டிலும் இடம்பெறாத குடும்பங்களை எறியப்பட்ட தோல் மீட்டுத் தந்தது.

இங்கிலாந்தில் சப்பாத்துத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நோதாம்ரன் நகர நூதனசாலை பேணி வரும் ஒரு பதிவேடும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய வீடுகளின் சுவர்களிலும் புகைபோக்கிகளிலும் மறைத்து வைக்கப்பட்ட சப்பாத்துகள், வீடு திருத்தும் வேளைகளில் வெளிப்படுவதுண்டு. தீமையை விலக்குமென்னும் நம்பிக்கையால் அவை வைக்கப்பட்டன எனக் கருதப்படுகின்றது. ஏறத்தாழ 2,000 கண்டுபிடிப்புகளைக் கொண்ட அப்பதிவேட்டில் உள்ளவற்றிற் பெரும்பாலானவை சாதாரண மக்களின் தேய்ந்து கிழிந்த பாதணிகள், சிறுவருடையவும் பல. வேறெவ்வகையிலும் எஞ்சியிராத இவை மறைத்து வைக்கப்பட்டதனாலேயே எமக்குக் கிட்டின.

பேழையிலுள்ள பாதணி பாதத்தைக் காட்டுவதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சீனப் பெண்களின் கட்டிய பாதங்களுக்குரிய பட்டுச் சப்பாத்துகள் பல நூதனசாலைகளில் உள்ளன. அவற்றின் பூவேலைப்பாடு வியப்புக்குரியது. ஆயின் அவற்றுட் புகுவதற்காகச் சிறுமியரின் விரல்கள் உள்மடித்து ஒடிக்கப்பட்டமையைப் பட்டு சொல்லாது. 1912இற் சீனக் குடியரசு அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. கேம்பிறிட்ஜ் நகரிற் புதைக்கப்பட்ட 177 பேரின் எலும்புகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, பெருவிரல் ஒருபுறம் வளைந்து மூட்டுப் புடைக்கும் குறை பதினோராம் முதற் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரில் 6 வீதமாக இருந்ததென்றும், கூர்முனைச் சப்பாத்துப் பரவிய அடுத்த இரு நூற்றாண்டுகளில் 27 வீதமாக உயர்ந்ததென்றும் காட்டுகின்றது. வடிவமைப்பின் விலையை எலும்பு குறித்து வைத்திருந்தது.

பாதணியைச் செய்தோர்

அணிந்தோரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் கண்காட்சிப் பலகைகளில் செய்தோரின் பெயர்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. மேற்றோலை மரவச்சின் மீது இழுத்து, மடிப்பு விழாது இறுக்கி, அடித்தோலுடன் பொருத்துவது சப்பாத்துத் தொழிலில் மிகக் கடினமான வேலையாகும். கைத்தொழிற் புரட்சிக் காலத்தில் தைக்கும் வேலை இயந்திரத்தின் வசமான பின்னரும் இவ்வேலை மனிதக் கையையே நம்பியிருந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து லின் நகரில் இதில் வல்ல தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது சோடிகளை முடிக்கக்கூடியவனாக இருந்தான்.

அந்நகரின் வரலாறு தொழிலாளர் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகும். தையல் இயந்திரங்களின் வருகையாலும் 1857ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியாலும் கூலி வீழ்ச்சியுற, 1860 பெப்ரவரி 22ஆம் நாள் லின் நகரச் சப்பாத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஏனைய நகரங்களுக்கும் அது பரவியது. மார்ச் மாதத்தில் வீடுகளிலிருந்து சப்பாத்துத் தைத்த பெண்களும் கொட்டும் பனியில் ஊர்வலமாகச் சென்றனர். அப்பொழுது தேர்தற் களத்தில் நின்ற ஆபிரகாம் லிங்கன், தொழிலாளர் விரும்பியபோது வேலையை நிறுத்தக்கூடிய ஒரு முறை தம் நாட்டில் நிலவுவதைத் தாம் வரவேற்பதாகப் பேசினார். இதே நியூ இங்கிலாந்துப் பட்டறைகளிலிருந்துதான் தென் மாநிலங்களின் அடிமைகளுக்கான முரட்டுச் சப்பாத்துகளும் அனுப்பப்பட்டன. சுதந்திரத் தொழிலாளியின் கூலியும் அடிமையின் காலும் ஒரே சந்தையினாற் பிணைக்கப்பட்டிருந்தன.

மேற்றோலை இழுத்துப் பொருத்தும் வேலையை இயந்திரத்தாற் செய்ய இயலாது என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியவர் யான் மற்செலிகர். 1852இல் தென்னமெரிக்காவின் சூரினாமில், ஒல்லாந்தத் தந்தைக்கும் ஆபிரிக்க வழிவந்த தாய்க்கும் பிறந்த இவர் லின் நகரில் ஒரு சாதாரண தொழிலாளியாக வேலை பார்த்தவர். இரவு வேளைகளில் உழைத்து உருவாக்கிய இயந்திரத்துக்கு 1883 மார்ச் மாதத்தில் ஆக்கவுரிமை பெற்றார். அது நாளொன்றுக்கு 150 முதல் 700 சோடி வரை முடிக்க வல்லதாக இருந்தது. சப்பாத்தின் விலை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. மற்செலிகரோ காசநோயுற்று 1889இல், முப்பத்தாறாம் வயதில் இறந்தார். உலக மக்களுட் பெரும்பகுதியினர் சப்பாத்து அணியக்கூடிய நிலை தோன்றுவதற்கு வழிவகுத்தோருள் இவரும் ஒருவர். மன்னரின் செங்குதியை அறிந்தோருள் எத்தனை பேர் இவரை அறிவர்?

ரொறன்ரோ நூதனசாலைக்குப் பெயர் தந்த நிறுவனமும் இப்பின்னணியில் நோக்கப்பட வேண்டியதாகும். தோமஸ் பாட்டா தம் உடன்பிறந்தாருடன் 1894இல் இன்றைய செக் குடியரசின் சிலின் நகரில் அதனைத் தொடங்கினார். 1922ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சப்பாத்தின் விலையை அரைவாசியாகக் குறைத்தமையே அதன் பெருவளர்ச்சிக்கு வழிகோலியது. அவ்வேளையில் தொழிலாளரின் கூலியும் குறைக்கப்பட்டது. 1930களில் கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் எழுந்தது. இலங்கையிலோ றப்பர்ச் செருப்புக்கே 'பாட்டா' என்னும் பெயர் பேச்சுவழக்கில் நிலைபெறுமளவுக்கு அந்நிறுவனத்தின் பொருள் பரவியது. நிறுவனரின் மருமகளான சொன்யா பாட்டா பல நாடுகளிலும் திரட்டிய பாதணிகளே நூதனசாலைக்கு அடித்தளமாயின. மலிவான பாதணியை உலகெங்கும் விற்ற வாணிபமே அருமையான பாதணிகளின் காப்பகத்தையும் தோற்றுவித்தது என்பது சிந்தனைக்குரியது.

உரியோரை இழந்த பாதணிகள்

சாதாரண மக்களின் பாதணியைக் காட்சிக்கு வைப்பதிற் பயனில்லை என எவரேனும் கருதுவாராயின், அவருக்கு விடையளிக்கும் நூதனசாலைகளும் உள்ளன. போலந்தின் அவுஷ்விற்ஸ் நினைவு நூதனசாலையில் ஏறத்தாழ 110,000 பாதணிகள் பேணப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 8,000 சிறுவருடையவை. நாசிகளாற் கொல்லப்பட்டோரிடமிருந்து பறிக்கப்பட்டவை அவை. அங்கு வடிவமைப்பைப் பற்றிய விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பாதணியும் அதனை அணிந்த ஒருவர் இருந்தார் என்பதற்குச் சாட்சியாகும். ஹங்கேரியில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுப் பாசிச ஆயுதக் குழுவினர் யூதரை தன்யூப் ஆற்றங்கரையில் நிறுத்தி, சப்பாத்துகளைக் கழற்றச் செய்து சுட்டனர். அதன் நினைவாக 2005இல் புடாபெஸ்ற் நகரின் ஆற்றங்கரையில் அறுபது சோடி இரும்புச் சப்பாத்துகள் பொருத்தப்பட்டன.

அன்றாடப் பொருளே மறைந்த மனிதருக்குச் சாட்சியாக நிற்கும் நிலை எமது நாட்டுக்கும் புதியதன்று. யாழ்ப்பாணம் செம்மணியில் மனிதப் புதைகுழி அகழப்பட்டபோது, எலும்புக்கூடுகளுடன் கிடைத்த உடைகளும் பாவனைப் பொருள்களும் 2025 ஓகத்து மாதத்தில் அடையாளங் காண்பதற்காகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன. பொருளைக் கண்டு ஆளை அறிய வேண்டிய அந்நிலையில், அழகும் அருமையும் பொருளற்றுப் போகின்றன.

அணியத் தடுக்கப்பட்டோர்

எறியப்பட்ட பாதணியை அகழ்ந்து மீட்கலாம். பறிக்கப்பட்டதைத் திரட்டிப் பேணலாம். ஒருகாலும் அணிய விடப்படாத பாதணியை எந்த நூதனசாலையும் பேழையில் வைத்தல் இயலாது. பிரேசிலில் 1888இல் அடிமைமுறை ஒழியும்வரை, வெறுங்கால் அடிமையின் அடையாளமாகவும் சப்பாத்து விடுதலை பெற்றவரின் அடையாளமாகவும் விளங்கின. குடியேற்ற நாடுகளில் இப்பிரச்சினை வேறொரு கோலத்தில் எழுந்தது. பர்மாவில் ஐரோப்பியர் பௌத்த தலங்களினுட் சப்பாத்துடன் நுழைந்தமை முதலாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளிற் பெருங்கிளர்ச்சிக்குக் காரணமாகி, தேசிய உணர்வுக்கு ஊக்கமளித்தது. கழற்ற மறுப்பதும் அணிய விடாமையும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்களாகும்.

தமிழர் சமூகம் இவ்வகையிற் பிறரைக் குறை கூறி ஒதுங்கிக் கொள்ளும் தகுதியுடையதன்று. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேற்சாதியினரின் தெருவிற் செருப்பணிந்து நடத்தல் தடுக்கப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்துச் செல்ல வேண்டியவராயினர். தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்த மக்களும் அவருள் அடங்குவர். ஊருக்குச் செருப்பளித்தோர் அதனை அணிந்து ஊரினுள் நடக்கவியலாத முரண்பாடு இதுவாகும். யாழ்ப்பாணச் சமூகத்திலும் மேலாடை, தோடு, குடை ஆகியவற்றுடன் பாதணியும் ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் நிகழ்ந்த இத்தகைய ஒடுக்குமுறைகளைக் கருத்திற் கொண்டே இயற்றப்பட்டது. நாம் இன்றும் வழங்கும் 'சப்பாத்து' என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அந்நியரின் சொல்லை ஏற்றுக்கொள்வதில் எமக்குத் தயக்கம் இருக்கவில்லை. அயலவரின் காலில் அதனைக் காண்பதிலேயே தயக்கம் இருந்தது.

இது பழங்கதை என எண்ணுவதற்கும் இடமில்லை. இந்திய அரசியலமைப்பு 1950இல் தீண்டாமையை ஒழித்ததாயினும், 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலேயே திருப்பூர் மாவட்டத்து இராஜாவூர் கிராமத்தில் ஏறத்தாழ அறுபது தலித் மக்கள் காலில் செருப்புடன் ஒரு தெருவில் முதன்முறையாக நடந்து சென்றனர். அத்தெருவின் நீளம் ஏறத்தாழ 300 மீற்றர். அங்கு நடந்தோர் காலில் இருந்தவை அன்றாடச் செருப்புகளே. வடிவமைப்பு என்ற அளவுகோலால் நோக்கின் அவற்றுக்கு எந்தப் பேழையிலும் இடம் கிடையாது. வரலாறு என்ற அளவுகோலால் நோக்கின், பதினான்காம் லூயியின் செங்குதிக்கு அவை எவ்வகையிலும் குறைந்தன அல்ல.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பாதணிக் கண்காட்சிகள் பயனற்றவை என்பது கருத்தன்று. அரிய பொருள்களைப் பேணியும் ஒப்பிட்டும் ஆராய்ந்தும் அவை ஆற்றிவரும் பணி பெரிது. உயர்குதியின் ஆசிய மூலமும், உரோம முகாமின் குழந்தைகளும் அத்தகைய பணியினாலேயே எமக்குத் தெரிய வந்தன. ஆயின் பொருளின் அழகில் மனம் ஈடுபடும்போது, அதனைச் சூழ்ந்திருந்த சமூக உறவுகளைக் கண் காணாது விட்டுவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு பாதணியின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும்: இதனை அணிந்தவர் யார்? செய்தவர் யார்? அணியக்கூடாது எனத் தடுக்கப்பட்டவர் யார்? முதல் வினாவுக்கு விடை பெயர்ப்பலகையில் இருக்கும். ஏனைய இரண்டுக்கும் விடையைத் தொழிலாளரின் கூலிப் பதிவேடுகளிலும், சட்டங்களிலும், குப்பைமேடுகளிலும், முதியோரின் நினைவுகளிலும் தேடியாதல் வேண்டும்.

எமது பிரதேசங்களின் வாழ்க்கை வரலாற்றைக் கூறும் நூதனசாலைகள் வருங்காலத்தில் அமைக்கப்படுமாயின், அங்கு சந்தன மிதியடியும் வெள்ளிக் கால்நகையும் இடம்பெறுவது உறுதி. அவற்றின் அருகே செருப்புத் தைப்பவரின் ஊசியும், தேய்ந்த றப்பர்ச் செருப்பொன்றும் வைக்கப்படுமா என்பதே ஐயத்துக்குரியது. அவற்றைச் சேகரித்தலும், எத்தெருவில் எவர் எந்நாள்வரை வெறுங்காலுடன் நடக்க வைக்கப்பட்டனர் என்பதை முதியோர் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்தலும் எமது தலைமுறை மாணவரால் இயலாத காரியங்களல்ல. அந்நினைவுகளைத் தாங்கியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அதனால் இப்பணி காலந்தாழ்த்தத்தக்கதன்று.